இரவல் கோட்டு

ஏழாவது தளம். பெரிய சாப்பாட்டுக் கூடம்.
உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை, வாசல்தான் என் வேலை.
பக்கத்தில் இரும்புக் கம்பி,
அதில் பதினாலு கோட்டு.

கடலேறிய இரண்டாம் நாள் ஃபார்மல் இரவு.
மத்தியானமே அறைக் கதவுகளின் அடியில்
துண்டுச்சீட்டு போய்விடும்:
ஆண்களுக்குக் கோட்டு, டை. பெண்களுக்கு நீள உடை.
அரை டிரவுசர், ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன் கூடாது.
படிக்காமல் வருகிறவர்கள்
ஒவ்வொரு பயணத்திலும் ஒன்பது பேராவது உண்டு.

"மன்னிக்கணும் சார்" என்று ஆரம்பித்து
வாக்கியம் முடிவதற்குள்
தோளைப் பார்த்து அளவை எடுத்துவிடுவேன்.
முப்பத்தெட்டு. நாற்பத்தாறு.
டேப்பைத் தொட்டால் அவர் முகம் சுருங்கிவிடும்.
கப்பலையே விலைபேசக் கூடியவரும்
அந்த நேரம், பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை மாதிரி
இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்பார்.

பதினொரு மணிக்குத் திரும்பி வரும் கோட்டுகளில்
பைகளைத் துழாவ வேண்டும், சலவைக்கு முன்:
பல்குத்தி, காதுமெஷின் பேட்டரி,
கைக்குட்டையில் சுற்றிய பாதி கேக்,
ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம்.
கேட்டு யாரும் வரவில்லை.

இஸ்திரிப் பெட்டி காலரோரம் கருக்கிய ஒன்றைக்
குப்பைக்கு எழுதினார்கள். அளவு நாற்பத்திரண்டு.
கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

தங்கச்சிமடத்தில் அதை நான் போட்ட நாள் ஒன்றுகூட இல்லை.
கில்பர்ட்டின் கத்தார் விண்ணப்பத்துக்குப் போனது,
நிச்சயதார்த்தங்களுக்குப் போனது,
வங்கிக் கடன் படிவத்துக்கு, பங்குப் பேரவைப் படத்துக்கு.
ஸ்டூடியோக்காரர் கருகல் தெரியாமலிருக்க
எல்லாரையும் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பச் சொல்வார்.
எங்கள் தெருச் சுவர்களில்
ஒரே கோட்டு, வேறு வேறு தலை,
எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்த்தபடி.
படம் நெஞ்சோடு முடிந்துவிடும்.
அதற்குக் கீழே கைலி.

பெர்க்மான்ஸ் வந்தது மகளின் புதுநன்மைக்கு.
டீசல் வாடை. அப்படியே அச்சாக நாற்பத்திரண்டு.
டை கட்டும்வரை மூச்சை அடக்கி நின்றான்,
தூண்டிலில் ஏதோ கடித்ததுபோல.
மறுநாள் திருப்பித் தந்தபோது பழக்கத்தில் பையைத் துழாவினேன்.
ஒரு கடலைமிட்டாய்.
"வாடகைடா" என்றான்.

வாடைக்காற்று தொடங்கிய வாரம்
நாலு பேர் போன வள்ளம்.
குந்துகால் பக்கம் ஒரு பலகை ஒதுங்கியது.
அது இவர்களுடையதுதான் என்றும் சொன்னார்கள்,
இல்லை என்றும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை, ராமநாதபுரம், மனுநாள்.
இரண்டு ஒப்பந்தத்துக்கு நடுவில் ஊரிலிருந்ததால்
தெக்லாவோடு நானும் போனேன்.
அவளிடம் இருந்த ஒரே படம்
கோட்டும் டையுமாய், இடப்பக்கம் பார்த்தபடி.
குமாஸ்தா படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
"போகும்போது இந்த டிரஸ்ஸா?"
கேலி இல்லை. படிவத்தில் கட்டம் இருக்கிறது:
கடைசியாக அணிந்திருந்த உடை.

"நீலக் கட்டம் போட்ட கைலி.
மஞ்சள் பனியன். முதுகுல எழுத்து இருந்துச்சு."
"என்ன எழுத்து?"
அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அந்தப் பனியன் நான் கொடுத்தது.
முதுகில் எங்கள் கப்பலின் பெயர்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்,
நடுவில் ஒருமுறை பேனா மாற்றினார்.

கோட்டு தெக்லா வீட்டில் இருக்கிறது.
நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.

நேற்று மறுபடி ஃபார்மல் இரவு.
பூப்போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார்,
வெயிலில் சிவந்த கழுத்து, நல்ல மனிதர்.
தோள் நாற்பத்திரண்டு.
கம்பியில் அந்த அளவு இருந்தது.
இல்லை சார் என்றேன்.
நாற்பத்துநாலை மாட்டிக்கொண்டு
விரல் நுனி மட்டும் தெரிய
உள்ளே போனார்.